பாறையைத் துளைத்து வந்தவள்

கல்லுக்கும் வலிக்கும் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது தூர்தர்ஷன். எண்பதுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் போட்டார்கள். அதில் வந்த ஒரு கதை ‘தி டெவில் இன் தி டார்க்’. இருட்டுக்குள் ஒரு பிசாசு என்று வைத்துக்கொள்ளலாம். சிறுவனாகப் பார்த்த அந்தக் கதையைப் போன சாரல் சீசனில் மறுபடி பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஓடாத அந்தப் படத்தைப் பற்றி, குறிப்பாகத் தென்காசி வட்டாரத்துக்காரர்களிடம், எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அப்போது எங்கள் தெருவில் டி.வி. இருந்தது ரயில்வே கார்டு மாமா வீட்டில். செங்கோட்டை–கொல்லம் மீட்டர் கேஜ் பாதையில் ஓடியவர். மர ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டயனோரா. மாடியில் பூஸ்டர் வைத்த உயரமான ஆன்டெனா. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வந்து அறையும்போது ஆன்டெனா தானாகத் திரும்பிக்கொள்ளும். யாராவது ஒருவர் நனைந்துகொண்டே மாடியேற வேண்டும். அங்கிருந்து பார்த்தால் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் உச்சி முதல் பிளந்து நிற்பது தெரியும். இன்று ஊருக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் முழுக் கோபுரம் 1990 கும்பாபிஷேகத்தோடு வந்தது. நாங்கள் வளர்ந்தது பிளந்த கோபுரத்தின் நிழலில்.

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சோயுஸ் விண்கலத்தில் ஏறிப் போய்வந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் நோட்டு அட்டை இருந்த பையன் எவனும் அதில் ராக்கெட் வரையாமல் விட்டதில்லை. அந்த வேகத்தில்தான் நாங்கள் ‘ஸ்டார் ட்ரெக்’ பார்க்கப் போனோம். ஆங்கிலம் யாருக்கும் முழுதாகப் புரியாது. என் சித்தப்பா ஒருவர்தான் கல்லூரி வரை போனவர். அவர் திண்ணை ஓரமாக உட்கார்ந்து தனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். காதுக்கு ஒரு கதையும் கண்ணுக்கு ஒரு கதையுமாக ஓடும். ஆனாலும் இந்த ஒரு கதையில் இரண்டும் சரியாகப் பொருந்தின.

கதை இதுதான். ஜேனஸ் 6 என்ற தூரத்துக் கோளில் மனிதர்கள் சுரங்கம் போட்டுக் கனிமம் தோண்டுகிறார்கள். புதிதாக ஒரு கீழ்த்தளத்தைத் திறந்த பிறகு ஆட்கள் வரிசையாகச் சாகிறார்கள். சுமார் ஐம்பது பேர், அமிலத்தில் பொசுங்கியதுபோல. ஏதோ ஒன்று பாறையைக் குடைந்துகொண்டு, நாம் காற்றில் நடப்பதுபோல, அதற்குள் திரிகிறது. அதைக் கொல்வதற்காக விண்கலத்திலிருந்து கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் டாக்டர் மெக்காயும் வந்து இறங்குகிறார்கள். சுரங்க மேலாளர் வாண்டர்பெர்க் மேஜையில் உருண்டையான ஒரு கல் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இப்படி ஏராளமாகக் கிடக்கின்றன, ஒன்றுக்கும் உதவாதவை என்கிறார் அவர். ஸ்பாக் மட்டும் அந்தக் கல்லைக் கையில் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.

அந்தக் கல்தான் முட்டை. பாறையைக் குடைந்து திரிவது அதன் தாய். ஹோர்ட்டா என்று பெயர். ஐம்பதாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் இறந்துபோகும். ஒன்றே ஒன்று மட்டும் உயிரோடு இருந்து அடுத்த தலைமுறையின் முட்டைகளைக் காக்கும். மனிதர்கள் புதுத் தளம் வெட்டியபோது அந்த முட்டை அறைக்குள்தான் நுழைந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் உடைத்தும் போட்டிருக்கிறார்கள், கல் என்று நினைத்து.

ஸ்பாக் அந்தப் பிராணியின் பக்கம் போய்க் கை நீட்டி, அதன் மனதைத் தன் மனதில் வாங்கி, வலி வலி என்று கதறும் காட்சியில் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். சித்தப்பா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: “ஏலே, பயப்படாதிய. அது பேயில்ல. தாயி. பிள்ளையைத் தொட்டா எந்தத் தாயி சும்மா இருப்பா?”

கார்டு மாமா அன்று வேறொன்று சொன்னார். அவர் வாழ்க்கையே மலைக்குள் புகுந்து வெளியே வருவதுதான். 1904இல் திறந்த அந்த ரயில் பாதையில், பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குகை இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாராம். “மலைக்க வயித்துக்குள்ள போயிட்டு வாறோம். சொல்லிக்கிட்டுத்தான் போவணும்” என்றார். மாமாவுக்கு விஞ்ஞானக் கதை எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை எங்கள் தெருவில் அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள், சிற்றாற்றில் குளிக்கப் போனால் உருண்டைக் கல்லை யாரும் எறிய மாட்டோம். மெதுவாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைப்போம்.

இப்போது பார்த்தது லேப்டாப்பில், வண்ணத்தில். முதல் ஆச்சரியம் நிறம். என் நினைவில் ஹோர்ட்டா நம் ஊர்க் கருங்கல் மாதிரி கறுத்து இருந்தாள். திரையில் அவள் செம்பழுப்பு. இடையிடையே நெருப்புக் கங்கு நிறம். ரப்பரில் செய்த உடை என்பதும் விளிம்பில் தொங்கும் குஞ்சங்களும் பளிச்சென்று தெரிகின்றன. குகைச் சுவர்கள் அட்டை. தரை சிமென்ட் போட்டதுபோல வழவழவென்று சமமாக இருக்கிறது. இன்றைக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை இதைப் பார்த்துப் பயப்படாது.

ஆனால் ஐந்து நிமிடத்தில் அதெல்லாம் மறந்துபோகிறது. அந்த உடையைச் செய்து அதற்குள் தவழ்ந்தவர் ஜானோஸ் புரோஹாஸ்கா, ஹங்கேரியில் பிறந்த சண்டைக் கலைஞர். தான் செய்த பிராணியைத் தயாரிப்பாளர் ஜீன் எல். கூனிடம் ஊர்ந்து காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் கூன் கதையை எழுதினார். முகம் கிடையாது, கண் கிடையாது, பேச்சு கிடையாது. உடம்பை அசைக்கும் விதத்தில் மட்டுமே அந்த மனிதர் ஒரு தாயைக் காட்டிவிடுகிறார். குகையில் கிர்க் தனியாக அவள் எதிரே மாட்டிக்கொள்ளும் இடத்தில் அவள் பாய்வதில்லை. கொஞ்சம் திரும்பி, விலாவில் பட்ட காயத்தைக் காட்டுகிறாள். அவ்வளவுதான். நடிப்பு சொல்லிக்கொடுக்கும் இடங்களில் போட்டுக் காட்ட வேண்டிய காட்சி. இதே படப்பிடிப்பின் நடுவில்தான் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்குத் தந்தை இறந்த செய்தி வந்தது. அன்றைய காட்சியை முடித்துக்கொடுத்துவிட்டுப் போனார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சிறுவயதில் கவனிக்காத ஒன்று இப்போது தைத்தது. தொடக்கத்தில் கொல்ல வேண்டாம் என்று வாதாடுவது ஸ்பாக். அந்த இனத்தில் மிஞ்சியது இது ஒன்றே என்றால் அழிப்பது பெரும் குற்றம் என்கிறார். கேப்டன் கிர்க்கோ கொன்றே தீர வேண்டும் என்கிறார். ஆனால் கிர்க் அதன் எதிரே நிற்கும்போது எல்லாம் தலைகீழாகிறது. நண்பனின் உயிருக்குப் பயந்து ஸ்பாக் சுடச் சொல்கிறார். நேருக்கு நேர் பார்த்துவிட்ட கிர்க் சுட மறுக்கிறார். கொள்கை பேசியவரின் கை பதறுகிறது, பக்கத்தில் போய் நின்றவரின் கை நிதானமாகிறது. எழுத்தாளர் கூன் இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை.

இந்தக் கதை அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பானது 1967 மார்ச் 9. இங்கே அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்று மூன்றாம் நாள். கொழும்பில் குடியேறி வாழ்ந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், பழைய ‘ஸ்டார் ட்ரெக்’கில் தன் நினைவில் நின்றது இந்த ஒரு கதைதான் என்று பிற்பாடு சொன்னார். விசித்திரமாகவும் ஆபத்தாகவும் இருக்கும் ஒன்று கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்ற எண்ணம் அவரைக் கவர்ந்திருக்கிறது.

நான் இதைப் பார்த்தபோது கூட இருந்தது அக்கா மகன். சொந்தமாக ஒரு டாரஸ் லாரி வைத்திருக்கிறான். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போய்வருகிறான். கடன் தவணை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். படம் முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, அப்ப அந்தச் சுரங்கத்த மூடலியா?”

மூடவில்லை. கதையில் உண்மை தெரிந்ததும் வாண்டர்பெர்க், எங்களுக்குத் தெரியாதே என்று திகைக்கிறார். பிறகு ஓர் உடன்பாடு ஏற்படுகிறது. முட்டைகள் பொரிந்து வரும் குஞ்சுகள் தங்கள் இயல்புப்படி பாறையைக் குடைந்துகொண்டே போகட்டும். குடைந்த வழியில் தெரியும் கனிமத்தை மனிதர்கள் எடுத்துக்கொள்ளட்டும். தங்கமும் பிளாட்டினமும் கொட்டுகின்றன. எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர் மெக்காய் தாயின் காயத்துக்குச் சிமென்ட் மாதிரி ஒரு கலவையைப் பூசிக் குணப்படுத்திவிடுகிறார்.

“அப்ப சரி” என்றான் அவன்.

எனக்கு அங்கேதான் சரியாகவில்லை. இந்தப் படத்தில் நான் குறை காணும் ஒரே இடம் அதுதான். ஹோர்ட்டாவை உயிரோடு விட்டதால் சுரங்கக்காரர்களுக்கு லாபம் வந்தது. லாபம் வந்திராவிட்டால்? அவள் ஒன்றும் தோண்டித் தரமாட்டாள், இந்தத் தளத்தை விட்டுப் போய்விடுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தால் வாண்டர்பெர்க் என்ன செய்திருப்பார்? 1967இல் அந்தக் கேள்வியைக் கேட்காமல் படத்தை முடித்துக்கொள்ள முடிந்தது. ஆலங்குளத்திலும் கடையத்திலும் கல்குவாரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நம் ஊர்க் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்காசி மாவட்டத்தில் தரைக்குக் கீழேயும் மலையிலும் நிறைய இருப்பது சார்னோகைட் என்ற வகைப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் கொண்டுபோனார்கள். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவான கல் அது. அச்சன்கோவில் பக்கம் ஓடும் பாறைப் பட்டையில் அந்த வேக்காடு நடந்தது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இமயமலை எழும்பத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. ஹோர்ட்டாவின் ஐம்பதாயிரம் ஆண்டை வாயைப் பிளந்து கேட்டோமே, வீட்டு வாசல்படியில் கிடந்த கல்லின் வயது அதைப்போலப் பதினோராயிரம் மடங்கு.

அந்தக் கல்லைத் துளை போட்டு, வெடி வைத்துப் பெயர்த்து, கிரஷரில் கொட்டினால் முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ், தூள் என்று பிரிந்து விழும். கழுவிச் சலித்தால் எம்-சாண்ட். ஆற்று மணலைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி நாம் எல்லோரும் கேட்டு வாங்கியதுதான் எம்-சாண்ட். என் வீட்டு மாடியும் அதில்தான் கட்டியது. அக்கா மகன் கேட்டது நியாயமான கேள்வி: “வீடு கட்டணும், ரோடு போடணும். ஜல்லி எங்கேயிருந்து வரும் மாமா?”

ஆனால் புளியரையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். செங்கோட்டை தாண்டி, கோட்டைவாசலுக்கு முன்னால் எஸ் வளைவில், தார்ப்பாய் போர்த்திய பன்னிரண்டு சக்கரம், பதினாறு சக்கரம் என்று லாரி லாரியாக மேற்கே ஏறிக்கொண்டிருக்கும். நடைச்சீட்டில் எழுதியது ஒன்று, ஏற்றியிருப்பது ஒன்று என்று மறியல் நடந்திருக்கிறது, மனு கொடுத்திருக்கிறார்கள், அதிகப் பாரம் ஏற்றிய வண்டிகளைப் பிடித்து அபராதமும் போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த வழியாக மேற்கே போனது அரிசியும் காய்கறியும் வைக்கோலும். அவை அடுத்த பூவுக்குத் திரும்ப விளைந்தன.

அக்கா மகன் இன்னொன்றும் சொன்னான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. “படத்துல அந்தப் பிராணி வெளிய வந்து ஆள அடிச்சுச்சு, அதனால நின்னு பாத்தாங்க. நம்ம குவாரில அப்படி ஒண்ணும் வெளிய வராது மாமா. வந்திருந்தா நிறுத்தியிருப்பாங்க.”

உண்மை. நம் பாறைக்குள்ளிருந்து யாரும் வர மாட்டார்கள். படத்தில் ஹோர்ட்டா பாறையில் செய்ததுபோல எழுத்தைப் பொசுக்கிக் காட்ட மாட்டார்கள். பாறைக்குள் இருப்பது நீர். வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் நின்று, மெள்ளக் கசிந்து, கிணற்றுக்கு ஊற்றாக வருவது. குவாரிப் பள்ளம் கிணற்றைவிட ஆழமாகப் போனால் ஊற்று பள்ளத்தின் பக்கம் திரும்பிவிடும். குவாரிக்காரர் அதை மோட்டார் வைத்து வெளியே இறைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். சத்தமே இருக்காது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருநாள் காலையில் கிணற்றை எட்டிப் பார்ப்பார், அடிப்பாறை தெரியும். வெடியில் வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் கையை வைத்துக் காட்டலாம். ஊற்று திரும்பிப் போனதை எதைக் காட்டி நிரூபிப்பது?

குற்றாலத்தில் வேறு விதமாக நடந்தது. மலையிலிருந்து இயற்கையாக வரும் ஓடையைத் தனியார் விடுதிகள் தங்கள் வளாகத்துக்குள் திருப்பிச் செயற்கை அருவி அமைத்துக்கொண்டன என்று வழக்குப் போய், 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. பேரருவியும் ஐந்தருவியும் கட்டணம் கேட்காமல் கொட்டுகிற ஊரில், அதே நீரைத் திருப்பிக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதும் வெள்ளம் வரும். நீர் லேசாகக் கலங்கினாலே, கூடவே ஒரு சருகு வந்தாலே, பெரியவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள். மலை பேசுவதைக் கேட்கத் தெரிந்த ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். இன்று அபாயச் சங்கு ஒலிக்க வேண்டியிருக்கிறது. அது அவசியம், இன்னும் கூடுதல் இடங்களில் வேண்டும்.

குற்றால மலைக்காடுகள் 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமக்குத் தெற்கே களக்காடு–முண்டந்துறை அதில் இருக்கிறது. காட்டுக்குக் காவல் இருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் காட்டு எல்லைக்கு வெளியே, வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் நிற்கும் மொட்டைப் பாறைகளுக்கு ஒரு காவலும் கிடையாது. அவற்றைப் பொட்டல், தரிசு, ஒன்றுக்கும் உதவாதது என்று எழுதித்தான் குத்தகைக்கு விடுகிறார்கள். வாண்டர்பெர்க் மேஜையில் இருந்த கல்லைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. அந்தப் பாறைச் சரிவில் விழும் மழைதான் கீழே உள்ள குளத்துக்கு முதல் தண்ணீர்.

எல்லாக் குவாரியையும் நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. அக்கா மகனின் பிழைப்பும் என் மனதில் இருக்கிறது. படத்தில் கிர்க்கும் அப்படிச் சொல்லவில்லை. அவர் செய்தது ஒன்று: தடியும் கம்புமாகப் பாய்ந்து வந்த சுரங்கத் தொழிலாளிகளை நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்ல வைத்தார். அந்தத் தொழிலாளிகள் கெட்டவர்கள் இல்லை. தெரிந்ததும் நிறுத்தினார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு, பக்கத்துக் குவாரிக்கு எத்தனை மீட்டர் ஆழம் அனுமதி என்று தெரியும்? எத்தனை வருடக் குத்தகை, எத்தனை மணிக்கு வெடி வைக்கலாம் என்று தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பெரிய குவாரிகளுக்கும், கொத்தாக அமைந்த குவாரிகளுக்கும், 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முப்பது நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்தால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் கிணறும் குளமும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்துக்குப் போய், பேசியது பதிவாகும்வரை உட்காருங்கள்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த தேதிக்கு முன்னால் உங்கள் ஊர் எல்லைக்குள் உள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சபையில் அதைப் படியுங்கள். குவாரிக்கு அனுமதித்த ஆழம் எவ்வளவு, தோண்டிய ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.